தஞ்சை அரசர் ஓவியம் அமெரிக்கா போனது எப்படி? நாஞ்சில் நாட்டு வீடுகளுக்கு ஒரு பாடம்!

சேலம் என்றால் நமக்கு மாம்பழமும் ஏற்காடும் நினைவுக்கு வரும். அமெரிக்காவிலும் ஒரு சேலம் இருக்கிறது. மாசசூசெட்ஸ் மாகாணத்தின் கடலோர ஊர் அது. அங்குள்ள பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகம் 2006-ஆம் ஆண்டு ஓர் ஓவியத்தை விலைக்கு வாங்கியது. விலை 35,000 டாலர். அன்றைய கணக்கில் சுமார் 16 லட்சம் ரூபாய். ஓவியத்தில் இருந்தவர்கள் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியும் அவருடைய மகன் சிவாஜியும்.

ஒன்பது ஆண்டுகள் அந்த ஓவியம் அங்கேயே இருந்தது. 2015 ஏப்ரலில் அருங்காட்சியகம் தானாகவே முன்வந்து அதை அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் புலனாய்வுப் பிரிவிடம் ஒப்படைத்தது. 2022 ஜூலையில் தமிழ்நாடு சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு போலீசார், அது தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் இருந்து திருடப்பட்ட ஓவியம் என்று அறிவித்தார்கள்.

சரி, தஞ்சாவூர் ராஜா படத்துக்கும் நாகர்கோவிலுக்கும் தக்கலைக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. சுசீந்திரம், பூதப்பாண்டி, தக்கலை, குழித்துறை பக்கத்துப் பழைய வீடுகளில் பத்தாயத்தின் பின்னாலோ மச்சின் மேலோ ஏதாவது ஒரு பழைய உருவப்படம் கிடக்கும். மகாராஜாவாக இருக்கலாம், பூட்டனாக இருக்கலாம், ரவி வர்மா வரைந்த லட்சுமியாகவும் இருக்கலாம். அது எங்கிருந்து வந்தது, யார் வரைந்தது, யார் கையில் இருந்தது என்று வீட்டில் யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? பெரும்பாலும் இல்லை. திருடனுக்கும் போலிப் பத்திரம் தயாரிப்பவனுக்கும் வசதியாக இருப்பது அந்தக் காலி இடம்தான்.

படத்தில் இருக்கும் அப்பாவும் மகனும்

இரண்டாம் சரபோஜி 1798 முதல் 1832 வரை தஞ்சாவூர் அரசர். நாட்டு நிர்வாகத்தை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டுவிட, அவர் கையில் மிஞ்சியது கோட்டையும் அரண்மனையும்தான். ஆனால் அந்த எல்லைக்குள் அவர் செய்த வேலைகள் ஏராளம். பல மொழிச் சுவடிகளையும் அச்சுப் புத்தகங்களையும் தேடித் தேடி வாங்கி சரஸ்வதி மகாலை வளர்த்தார். தன்வந்திரி மகால் என்ற பெயரில் மருத்துவ ஆராய்ச்சிக்கென்று தனி இடம் வைத்திருந்தார். ஓவியர்களை ஆதரித்தார்.

அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்த சிவாஜி, 1855-இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். வாரிசு இல்லை என்ற காரணத்தைச் சொல்லி ஆங்கிலேயர் தஞ்சாவூர் அரச மரபையே முடித்து வைத்தார்கள். ஆக, அப்பாவும் மகனுமாக இருக்கும் அந்த ஓவியம் தஞ்சையின் கடைசி இரண்டு மராட்டிய மன்னர்களை ஒரே படத்தில் காட்டுகிறது. அது 1822-க்கும் 1827-க்கும் இடையில் வரையப்பட்டிருக்கலாம் என்று கணிக்கப்படுகிறது. அதாவது, இருவரும் உயிரோடு இருந்த காலத்திலேயே வரைந்த படம்.

1918-இல் சரஸ்வதி மகால் பொது நூலகமானது. அரசரின் சொந்தச் சேகரிப்பு மக்களின் சொத்தாக மாறியது. அப்படிப்பட்ட இடத்தில் இருந்த படம்தான் கடல் தாண்டிப் போய்விட்டது.

ஓவியத்துக்கும் தாய்ப்பத்திரம் உண்டு

நிலம் வாங்கும்போது என்ன செய்வோம்? தாய்ப்பத்திரம் கேட்போம். வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்ப்போம். யாரிடமிருந்து யாருக்கு, எந்த ஆண்டு, எந்த வகையில் போனது என்று ஒவ்வொரு கண்ணியும் சேர வேண்டும். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் வக்கீல் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

பழைய ஓவியத்துக்கும் அதே கணக்குதான். வரைந்தவர், வரையச் சொன்னவர், முதலில் மாட்டப்பட்ட இடம், கைமாறிய ஆண்டுகள், விற்ற ரசீது, நாடு தாண்டியிருந்தால் அதற்கான அனுமதி... இவை எல்லாம் சேர்ந்ததுதான் ஓவியத்தின் பூர்வீகம். அது உறுதியாக இருந்தால் படத்துக்கு மதிப்பு. இல்லையென்றால் எவ்வளவு அழகான படமும் வில்லங்கச் சொத்துதான்.

சரபோஜி ஓவியத்தை விற்றவர் சுபாஷ் கபூர். நியூயார்க்கின் மேடிசன் அவென்யூவில் ‘ஆர்ட் ஆஃப் தி பாஸ்ட்’ என்ற பெயரில் கலைக்கூடம் நடத்தியவர். உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் எல்லாம் அவருடைய வாடிக்கையாளர்கள். படத்தோடு அவர் கொடுத்த பூர்வீக விவரம் பொய் என்பது பின்னர்தான் தெரியவந்தது.

இந்தப் போலிப் பத்திரங்கள் எப்படி இருக்கும் என்பதற்கு, அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர் சிலை நல்ல உதாரணம். 2008-இல் ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலருக்கு அதை கபூரிடம் வாங்கியது. டெல்லியில் வேலை பார்த்த சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் 1970 வாக்கில் வாங்கியது, பிறகு அவர் மனைவியிடம் இருந்தது என்பது அதற்குச் சொல்லப்பட்ட கதை. உண்மையில் அந்த நடராஜர் 2006 வரை ஸ்ரீபுரந்தான் கோயிலில்தான் இருந்தார்!

இதுபோன்ற கதைகளில் இரண்டு பொதுவான அம்சங்களைப் பார்க்கலாம். ஒன்று, எங்கோ இருக்கும் ‘தனியார் சேகரிப்பாளர்’. தேடிப் போய் விசாரிப்பது எளிதல்ல. இரண்டு, பொருள் நாட்டை விட்டுப் போனதாகச் சொல்லும் காலம். அது பெரும்பாலும் 1970-ஐ ஒட்டியோ அதற்கு முன்போ இருக்கும்.

ஏன் அந்தக் காலம்? கலைப் பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ ஒப்பந்தம் வந்தது 1970-இல். இந்தியாவின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் வந்தது 1972-இல். ‘அதற்கு முன்பே வெளியே போய்விட்டது’ என்று ஒரு தாளில் எழுதிவிட்டால் வாங்குபவர்கள் நிம்மதியாக வாங்கிவிடுவார்கள் என்பதுதான் கணக்கு.

ஆனால், அந்தக் கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 1972 சட்டத்துக்கு முன்பே, 1947-இல் இந்தியாவில் தொல்பொருள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. மத்திய அரசின் உரிமம் இல்லாமல் தொல்பொருள்களை வெளியே கொண்டுபோகக் கூடாது என்றது அந்தச் சட்டம். எனவே, ஒரு பழைய படம் 1960-களில் இந்தியாவை விட்டுப் போனது என்று ஒருவர் சொன்னால், ‘அப்படியா, அந்த உரிமம் எங்கே?’ என்று கேட்க வேண்டும். கோடிக்கணக்கில் பணம் கொடுத்த பெரிய அருங்காட்சியகங்களே இந்த எளிய கேள்வியை அழுத்திக் கேட்கவில்லை.

முடிச்சு எப்படி அவிழ்ந்தது?

2011 அக்டோபரில் ஜெர்மனியில் கபூர் கைது செய்யப்பட்டார். 2012 ஜூலையில் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். இன்னொரு பக்கம் அமெரிக்க அதிகாரிகள் நியூயார்க்கில் அவருடைய கலைக்கூடத்தையும் கிடங்குகளையும் சோதனை போட்டார்கள். ஆண்டுகள் நீண்ட அந்த வேட்டையில் 2,500-க்கும் மேற்பட்ட பொருள்கள் சிக்கின. மதிப்பு 10 கோடி டாலருக்கும் மேல். கலைக்கூடத்தின் மேலாளர் 2013 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

அதன் பிறகு, கபூரிடம் பொருள் வாங்கிய அருங்காட்சியகங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் கோப்புகளைப் புரட்ட ஆரம்பித்தன. பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகமும் அப்படித்தான். சரபோஜி ஓவியத்துக்குச் சொல்லப்பட்ட பூர்வீகம் நிற்காது என்று தெரிந்ததும் ஒப்படைத்துவிட்டது.

2022 நவம்பர் 1-ஆம் தேதி கும்பகோணம் நீதிமன்றம், சிலைத் திருட்டு வழக்கு ஒன்றில் கபூருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

சரபோஜி ஓவியம் விஷயத்தில், யுனெஸ்கோ ஒப்பந்தத்தின்படி அதை மீட்க நடவடிக்கை எடுக்கப்போவதாக சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 2022-இல் தெரிவித்தது. அதே ஜூலை மாதத்தில் இன்னொரு செய்தியும் வந்தது. சீகன்பால்கு மொழிபெயர்த்து 1715-இல் தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டின் பிரதி ஒன்று 2005-இல் சரஸ்வதி மகாலில் காணாமல் போயிருந்தது. அது லண்டனில் இருப்பதைக் கண்டுபிடித்திருப்பதாகப் போலீசார் சொன்னார்கள். ஒரே நூலகத்தின் இரண்டு பொருள்கள், இரண்டு கண்டங்களில்!

சாட்சி சொன்ன புகைப்படங்கள்

போலிப் பத்திரத்தை உடைப்பதற்கு எது உதவுகிறது? பல வழக்குகளில் ஒரு பழைய புகைப்படம்.

ஸ்ரீபுரந்தான் நடராஜர் திரும்பி வந்ததற்குப் பெரிய காரணம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். அதன் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகத் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போய்ச் சிலைகளைப் படம் எடுத்து, ஊர்ப் பெயரோடு வைத்திருக்கிறார்கள். ஸ்ரீபுரந்தான் கோயிலில் அந்த நடராஜர் நிற்கும் படம் அங்கே இருந்தது. ஆஸ்திரேலியாவில் இருந்த சிலையோடு ஒப்பிட்டார்கள். ஒவ்வொரு வார்ப்புச் சிலைக்கும் அச்சு அசலாக இன்னொன்று இருக்காது. தேய்மானமும் உடைசலும் கைரேகை மாதிரி. பொருந்திப் போனது. 2014 செப்டம்பரில் அப்போதைய ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்தபோது சிலையை ஒப்படைத்தார்.

இந்தப் புகைப்படங்களை எடுத்தவர்கள் திருட்டைத் தடுக்க நினைத்து எடுக்கவில்லை. ஆய்வுக்காக எடுத்தார்கள். ஆனால், ‘இந்தத் தேதியில் இந்தப் பொருள் இந்த இடத்தில் இருந்தது’ என்று சொல்ல அந்த ஒரு படம் போதுமாக இருந்தது. சூடான் தூதரகக் கதை அங்கேயே நொறுங்கியது.

வீட்டு ஓவியங்களுக்கும் இது பொருந்தும். பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் யார் வீட்டுக்கும் வந்து படம் எடுக்காது. அதற்குப் பதில் நம்மிடம் கல்யாண ஆல்பம் இருக்கிறது!

நாஞ்சில் நாட்டுச் சுவர்களில்...

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டோடு இணைந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர். தக்கலை பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம், 18-ஆம் நூற்றாண்டின் கடைசிவரை அந்த நாட்டின் தலைநகரம். அரண்மனையின் மேல்மாடிச் சுவர் ஓவியங்கள் இன்றும் அதே சுவரில் இருக்கின்றன. சுவரைக் கழற்றிக்கொண்டு போக முடியாது. ஆனால் சட்டம் போட்ட படத்தை ஓர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம்.

திருவிதாங்கூர் அரண்மனையில் உருவப்படம் வரையும் கலைக்கும் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய உறவு உண்டு. சுவாதித் திருநாள் மகாராஜாவின் அரண்மனை ஓவியர் அழகிரி நாயுடு, மதுரைக்காரர். அவரிடம் பயின்ற ராஜராஜ வர்மாவின் மருமகன்தான் புகழ்பெற்ற ராஜா ரவி வர்மா. கிளிமானூரில் 1848-இல் பிறந்தவர். அரண்மனை ஓவியரான ராமசாமி நாயக்கர் எண்ணெய் வண்ண நுணுக்கங்களைக் கற்றுத் தர மறுத்ததாகவும், நாயக்கரின் சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் ரகசியமாக உதவியதாகவும் ரவி வர்மாவின் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

ரவி வர்மா புகழ் பெற்ற பிறகு 1894-இல் பம்பாயில் சொந்தமாக அச்சகம் தொடங்கினார். சரஸ்வதி, லட்சுமி எல்லாம் வண்ண அச்சுப் படங்களாகி ஊர் ஊராகப் போயின. பூஜை அறை இல்லாத வீட்டிலும் ரவி வர்மா இருந்தார். அந்த அச்சகம் பின்னர் லோனாவலா பக்கம் மாறி, வேறு கைக்குப் போய், 1972-இல் தீ விபத்தில் அழிந்தது.

இங்கேதான் பல குடும்பங்களுக்குக் குழப்பம் வருகிறது. ‘எங்கள் வீட்டில் ரவி வர்மா வரைந்த ஒரிஜினல் இருக்கிறது’ என்று சொல்லும் பலரிடம் இருப்பது அச்சுப் படம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தக் கால அச்சுப் படத்துக்கும் மதிப்பு உண்டு. எண்ணெய் ஓவியம் போலவே தெரிய வேண்டும் என்று வார்னிஷ் பூசி விற்றதால் ஏமாறுவது சுலபம்.

ஒரு பூதக்கண்ணாடி போதும், முதல் சோதனையைச் செய்துவிடலாம். முகத்தில், நிழல் விழும் இடத்தில் வைத்துப் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சு. தூரிகையின் இழுப்பும், வண்ணம் தடித்து நிற்பதும் தெரிந்தால் கையால் வரைந்ததாக இருக்கலாம். படத்தின் அடிவிளிம்பில் அச்சகத்தின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். சட்டத்துக்குள் அது மறைந்திருப்பது உண்டு.

கையால் வரைந்தது என்பதாலேயே அது ரவி வர்மா ஆகிவிடாது. அவரைப் பார்த்து நகல் எடுத்தவர்கள் பலர். அவருடைய தம்பி சி.ராஜராஜ வர்மாவும் தேர்ந்த ஓவியர். அண்ணனோடு சேர்ந்தே வேலை செய்தவர். அவர் எழுதிய நாட்குறிப்பு நூலாக வந்திருக்கிறது. எந்த ஊரில் யாருக்காகப் படம் வரைந்தார்கள் என்பதைச் சரிபார்க்க ஆய்வாளர்கள் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

பூர்வீகம் தெளிவாக இருந்தால் என்ன ஆகும்? 1880-இல் சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு திருவனந்தபுரம் வந்தபோது திருவிதாங்கூர் மகாராஜாவும் தம்பியும் அவரை வரவேற்ற காட்சியை ரவி வர்மா வரைந்தார். 2007-இல் ஏலத்துக்கு வந்த அந்த ஓவியம் சுமார் 12 லட்சம் டாலருக்குப் போனது. யார், எங்கே, எப்போது, எதற்காக என்ற கேள்விகளுக்கு அந்தப் படத்திலேயே பதில் இருக்கிறது.

வைத்திருப்பது தப்பா?

பழைய ஓவியத்தை வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் சில விதிகள் உண்டு.

1972 சட்டப்படி, 100 ஆண்டுகளைத் தாண்டிய ஓவியம் தொல்பொருள். அதைத் தனிநபர் ஏற்றுமதி செய்ய முடியாது. இந்தச் சட்டம் 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. காகிதம், துணி, மரப்பலகை என எதில் வரைந்திருந்தாலும் பழைய ஓவியங்களைப் புகைப்படத்தோடு பதிவு அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். விற்றாலோ, வேறு ஒருவர் பெயருக்கு மாற்றினாலோ அதையும் தெரிவிக்க வேண்டும். தொல்பொருள் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும்.

ரவி வர்மா விஷயத்தில் இன்னும் ஒரு பூட்டு. 1979-இல் அவருடைய படைப்புகள் தேசியக் கலைச் செல்வமாக அறிவிக்கப்பட்டன. எனவே அவர் வரைந்த ஓவியம் 100 ஆண்டைத் தாண்டியதா என்ற கேள்விக்கே இடமில்லை. இந்தியாவில் இருப்பது இந்தியாவில்தான் இருக்க வேண்டும். உள்நாட்டில் விற்கலாம், வாங்கலாம்.

பதிவு என்றாலே ‘அரசாங்கம் பிடுங்கிக்கொள்ளும்’ என்று பயப்படுபவர்கள் உண்டு. நடைமுறையில் அந்தப் பதிவுச் சான்றுதான் குடும்பத்துக்குப் பாதுகாப்பு. நாளைக்குப் படம் களவு போனால், ‘இது எங்கள் வீட்டுப் படம்’ என்று சொல்ல அரசாங்கத்தின் முத்திரையோடு ஒரு தாள் கையில் இருக்கும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஏழு வேலைகள்

1. படத்தின் முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலைகள், கையெழுத்து, கீறல், கறை எல்லாவற்றையும் செல்போனில் தெளிவாகப் படம் எடுங்கள். கீறலை மறைக்க வேண்டாம். அடையாளம் சொல்லப்போவது அந்தக் கீறல்தான்.

2. நீளம், அகலத்தை அளந்து எழுதுங்கள். சட்டத்தோடு ஓர் அளவு, சட்டம் இல்லாமல் ஓர் அளவு.

3. பின்பக்கத்தில் இருக்கும் சட்டக் கடைச் சீட்டு, பழைய விலை, கையால் எழுதிய பெயர் எதையும் கிழிக்காதீர்கள். அழுக்குத் தாள் என்று நினைத்துக் கிழித்துப் போடுவதுதான் பல வேளைகளில் ஒரே ஆதாரம்.

4. பழைய ஆல்பங்களைப் புரட்டுங்கள். கல்யாணத்திலோ பூப்பு நீராட்டிலோ எடுத்த குரூப் போட்டோவில், பின்னால் சுவரில் இந்தப் படம் தெரிகிறதா? கிடைத்தால் அது தேதி போட்ட சாட்சி.

5. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். படத்தில் இருப்பது யார், எந்த வீட்டில் இருந்து வந்தது, யாருக்குப் பாகத்தில் கிடைத்தது? சொன்னவர் பெயரையும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் படங்களைக் குறிப்பிட்டிருந்தால் அதன் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

6. ஈரத் துணியால் துடைக்காதீர்கள். கடையில் கொடுத்து ‘பாலிஷ்’ போடாதீர்கள். இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. சுவரின் ஈரம் படத்தில் ஏறாமல் இருக்க, சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே சிறு கட்டை வைத்துக் காற்றோட்டம் கொடுங்கள். நேர் வெயிலும் விளக்குப் புகையும் ஆகாது.

7. வீடு இடிக்கும்போதும் பாகம் பிரிக்கும்போதும் கவனம். பாத்திரங்களோடு சேர்த்துப் பழைய படங்களும் ஆக்கர் கடைக்குப் போவது அப்போதுதான். எடைக்குப் போட்ட பிறகு பூர்வீகம் தேடிப் பயனில்லை.

வாங்குபவர்களுக்கும் பொறுப்பு உண்டு

பழைய படங்களைச் சேர்ப்பது நல்ல பழக்கம். சேகரிப்பாளர்கள் இல்லையென்றால் பல படங்கள் மழையில் நனைந்தும் கரையான் தின்றும் அழிந்திருக்கும். ஆனால் ‘பெரிய குடும்பத்துப் படம், பெயர் சொல்ல வேண்டாம் என்றார்கள்’ என்ற வார்த்தையை நம்பி வாங்குவதில்தான் ஆபத்து. சரபோஜி ஓவியத்தை வாங்கியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. நிபுணர்கள் இருந்தார்கள், பணம் இருந்தது, நேரமும் இருந்தது. அப்படியும் 35,000 டாலரும் போய், படமும் போனது.

விற்பவர் யார், அவருக்கு எப்படி வந்தது, பதிவுச் சான்று இருக்கிறதா, கோயில், நூலகம், அரண்மனை போன்ற பொது இடத்தின் முத்திரையோ எண்ணோ எங்காவது சுரண்டப்பட்டிருக்கிறதா? இந்த நான்கு கேள்விகளுக்குப் பதில் வராத படத்தை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுவது நல்லது. சந்தேகம் வந்தால் போலீசில் சொல்லலாம்.

இரண்டு அரசர்களின் படம் கடல் தாண்டிப் போனது. ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனதால் ஒருநாள் அடையாளம் தெரிந்தது. நம் வீட்டுப் பூட்டன் படம் யாரோ ஒருவர் வரவேற்பறைக்குப் போனால் தேடி வருவதற்கு ஆளில்லை. பாட்டிக்கு இன்னும் நினைவு இருக்கும்போதே, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுங்கள்.